இடமிருந்து படித்தவர்

பிப்ரவரி 9

அடி வாலு,

நம் ஜப்பானியப் படக்கதையின் ஐந்தாம் புத்தகத்தை நான் முடித்தேன் என்று சொல்வதைவிட, அது என்னை ஒரு வழி பண்ணிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நம் டாக்ஸிக்காரர் விழுந்துவிட்டாரடி! வண்டியை நிறுத்திவிட்டு, தன் இரண்டு பெண்களுக்கும் வாங்கிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். நல்ல மனுஷர், பாட்டு வேறு பாடுகிறார். அடுத்த பக்கம் திருப்பினால் ஆள் கீழே. கடைசிக் கட்டத்தில் அவருடைய தொப்பி மட்டும் ஒவ்வொரு படியாக உருண்டு வருகிறது. அதன் மேல் பெரிதாக அந்த 'ஷீ...ன்'. சத்தமே இல்லை என்று சொல்ல ஜப்பான்காரர்கள் ஒரு சத்தத்தை எழுதி வைக்கிறார்களே, அதேதான். முதன்முதலில் அதை அகராதியில் கண்டுபிடித்து நாம் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று அப்பா ஓடிவந்தார். இப்போது அதே எழுத்தைப் பார்த்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உடனே பதறாதே, குழந்தை நலம். வயிற்றுக்குள்ளே ஒரே ஆட்டம்.

ஆறாம் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை உனக்கு என்று என் கல்யாணத்துக்கு முன்னால் சொத்துப் பிரிப்பது போலப் பிரித்தோமே, அன்றைக்கே நான் ஒழுங்காகச் சண்டை போட்டிருக்க வேண்டும். "புத்தகத்தை அனுப்பக் கூடாது. படிச்சுத் தமிழ்ல கதையை எழுதி அனுப்பணும். அப்பத்தான் மொழி மறக்காது"ன்னு சட்டம் போட்டது நீ. ஜப்பானிய மொழி மாலை வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய திமிர் உனக்கு. நானோ இன்னும் தடவித் தடவித்தான் படிக்கிறேன். பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் உச்சரிப்பைக் காட்டும் அந்தக் குட்டி எழுத்து இல்லையென்றால் அம்போதான். ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஆறாம் புத்தகத்தை உடனே படித்து எழுது. அவர் பிழைத்தாரா இல்லையா?

டாக்டரம்மா கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். முன்னே இரண்டு முறை கைநழுவிப் போனதால் இந்தத் தடவை பயணம் கூடாது, அதிர்ச்சி கூடாது, மாடிப்படி கூடாது. டாக்ஸிக்காரருக்கும் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அப்பா எப்படி இருக்கிறார்? தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு கையாலேயே பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்னும் நம் புத்தகங்களை இடது பக்கத்திலிருந்துதான் புரட்டுகிறாரா? "அப்பா, இது வலது பக்கம் தொடங்கணும்"னு எத்தனை தடவை சொல்லியிருப்போம்! தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ரீலைத் திருப்பித் திருப்பிச் சுற்றியே பழகியவருக்குக் கதையும் வாலிலிருந்து வந்தால்தான் பிடிக்கும் போலிருக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் திருடன் ஒரு பெண்ணின் பையைப் பறித்துக்கொண்டு ஓடுவதைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, பையைக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று நினைத்து, "ரொம்ப நல்ல பையன்"னு பாராட்டினாரே, நினைவிருக்கிறதா?

குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கும்வரை அவர் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வழக்கம்போல அவருக்குத் தனியாக ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். நீ பிரித்துப் பார்க்காதே. உன் பதிலுக்கு அடியில் அவரை ஒரு கிறுக்கல் போடச் சொல்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கண்ணாடிக் கடையில் வேலை கழுத்தைப் பிடிக்கிறது. முதலாளி வாசலில் 'கண் பரிசோதனை இலவசம்' என்று போர்டு வைத்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் உள்ளே வந்து எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். "மேல இருக்கறது தெரியுதா, கீழ இருக்கறது தெரியுதா" என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுத முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆறாம் புத்தகம். பயப்படாதே. டாக்ஸிக்காரர் பிழைத்துவிட்டார்.

தொடக்கத்தில் சில பக்கங்கள் என்னையே பயமுறுத்திவிட்டன. கறுப்பு உடை போட்ட கூட்டம். காலியான ஓட்டுநர் இருக்கையில் அவருடைய தொப்பி. அப்புறம்தான் தெரிந்தது, அது கனவு. அவர் மயக்கத்தில் கிடந்து காண்கிற கனவு. அடுத்து ஆஸ்பத்திரி. மூக்கில் குழாயோடு கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். பெண்கள் இருவரும் இரண்டு பக்கமும் நின்று அழுகிறார்கள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறக்கிறார். பெண்கள் அழுகையை நிறுத்திவிடுகிறார்கள். நர்ஸ் குழாயை எடுக்கிறார். இவர் எழுந்து உட்கார்கிறார். ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிவிட்டுத் தன் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். யார் துணையும் இல்லாமல் நடந்து வாசலுக்கு வருகிறார். வாசலில் அவருடைய டாக்ஸி நிற்கிறது. ஏறி ஓட்டுகிறார். கடற்கரையில் வயதான அம்மாள் ஒருவர் இவருக்காகக் காத்திருக்கிறார். முதல் பக்கத்தில், இல்லை, கடைசிப் பக்கத்தில், நெற்றியில் பிளாஸ்திரியோடு இவரும் அந்த அம்மாளும் கடலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். நல்ல முடிவு.

அப்பாவுக்குக் கொஞ்சம் கை நடுக்கம். கிறுக்கல் அடுத்த தடவை. உன் சீட்டைச் சேர்த்துவிட்டேன். ஃபோனில் அம்மாவின் குரல் கம்மியிருந்தால் ஜலதோஷம் என்று எடுத்துக்கொள். இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம்.

நீ நன்றாகச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. படிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள், கண்ணுக்கு நல்லதில்லை. கண்ணாடிக் கடைக்காரி சொல்கிறேன், கேள்.

உன் வாலு

ஏப்ரல் 2

அடி வாலு,

உன் கடிதத்தைப் பிரித்து 'பிழைத்துவிட்டார்' என்ற வரியைப் படித்ததும் நான் போட்ட கூச்சலில் உன் அத்தான் முகத்தில் பாதிச் சோப்போடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவே இல்லை மனுஷர். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கொஞ்ச நாளாக என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தாங்குகிறார். கத்திப் பேசுவதில்லை. ஃபோனைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டார். "சத்தத்துல உன் தூக்கம் கெடுது" என்கிறார். எனக்குத் தூக்கமா? பகல் முழுக்கப் படுத்துக்கிடந்து தூக்கம் என்றாலே வெறுத்துப்போயிருக்கிறது.

உன்னைப் பாராட்ட மாட்டேன். இந்தத் தடவை நீ ஏமாற்றிவிட்டாய். வழக்கமாக டாக்ஸிக்காரர் தும்மினால்கூட என்ன சொல்லித் தும்மினார் என்று எழுதுகிறவள் நீ. இதில் ஒரு வசனம் இல்லை. ஊமைப்படம் பார்த்த மாதிரி இருக்கிறது. கடற்கரையில் அந்த அம்மாள் இவரிடம் என்ன சொன்னாள்? எதற்குச் சிரித்தார்கள்? அதுதானே முக்கியம்!

போகட்டும். ஏழாம் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். எடுத்தவுடனே ஒரு குழப்பம். முதல் பக்கத்தில் டாக்ஸிக்காரரின் படம் சட்டம் போட்டு ஓர் அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் சின்ன விளக்கு. முன்னால் ஒரு கிண்ணம். பெரிய பெண் அந்தப் படத்தைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். சொல்வது எனக்குப் புரியவில்லை. குட்டி எழுத்து இருக்கிறது, ஆனாலும் பொருள் பிடிபடவில்லை. அவர் ஏதாவது வெளியூர் போயிருக்கிறாரா? இடையில் நான் எதையாவது விட்டுவிட்டேனா? நீதான் கெட்டிக்காரி, சொல்.

அப்பாவுக்குப் பச்சை நூலில் மஃப்ளர் பின்னி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். தொண்டையில் குளிர் படக்கூடாது. கழற்றி எறிந்தால் நான் சும்மா விட மாட்டேன் என்று சொல். சூப்பை ஜன்னல் வழியாகக் கொட்டுகிறார் என்று அம்மா முன்பு சொன்னார், அதையும் சீட்டில் கேட்டிருக்கிறேன். கிறுக்கல் இல்லாமல் பதில் வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நீ எதையும் விடவில்லை. ரொம்பச் சின்ன விஷயம். டாக்ஸிக்காரருக்குக் கம்பெனியில் ஏதோ பரிசு கொடுத்திருக்கிறார்கள், இத்தனை வருஷமாக ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியதற்கு. அந்தப் படம் அதற்காக எடுத்ததாக இருக்கும். அவர்கள் ஊரில் பெருமையான படத்தை அப்படி அலங்கரித்து வைப்பார்கள் போல. ஆள் வேலைக்குப் போயிருப்பார். அதனால்தான் வீட்டில் இல்லை. எட்டாம் புத்தகத்தை நான் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் சொல்கிறேன்.

நீ ஏழாம் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையேன். பிரசவம் முடிந்து நிதானமாகப் படிக்கலாம். அது எங்கே ஓடிப்போகிறது?

மஃப்ளர் வந்தது. அழகாக இருக்கிறது. கழற்றுவதே இல்லை. அம்மாகூட...

அப்பா தூங்குகிறார். எழுப்ப மனமில்லை. அதனால் கிறுக்கல் இல்லை. கடிதத்தைத் திருப்பி அனுப்பாதே அக்கா.

வாலு

ஏப்ரல் 27

எங்கப்பா எங்கேடி?

நான் கத்தவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன். குழந்தை நலம். டாக்டரம்மா இன்று காலை வந்து பார்த்துவிட்டுப் போனார். அதனால் என் உடம்பைச் சாக்கு வைத்து இனிமேல் யாரும் என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

நீ மூடி வைக்கச் சொன்னாய். நான் மூடவில்லை. ஆனால் எழுத்தைப் படிப்பதை விட்டுவிட்டேன். உன் விளக்கத்தை வைத்துக்கொண்டு படித்தால் ஒரு வசனமும் பொருந்தவில்லை. எனக்குத்தான் மொழி வரவில்லை, அவளுக்குத் தெரியாததா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணெதிரே இருப்பதை நம்பாமல் உன்னை நம்பினேன். கடைசியில் அலுத்துப்போய், அப்பா பார்ப்பாரே, அந்த மாதிரி வெறும் படத்தைப் பார்த்தேன். பெரிய பெண் அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு டாக்ஸி ஓட்டுகிறாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலி. யாரும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. சின்னப் பெண் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். பரிசு வாங்கினவருடைய சட்டையை எதற்கடி மடித்துப் பெட்டியில் வைக்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள எந்த மொழி தெரிய வேண்டும்?

வாலு தப்பாகப் படிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் தெரிந்தே மாற்றி எழுதியிருக்கிறாள். ஒரு பொம்மைப் படத்து அப்பா செத்துப்போனதை என்னிடம் மறைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன? இந்தக் கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உன் கடிதங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். வராத கிறுக்கல், கம்மிய குரல், இடம் மாறிய ஃபோன், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

உன் அத்தான் பால் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"எங்கப்பா இருக்காரா?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு அந்தக் கேள்வி? நீ படு."

"இருக்காரா, இல்லையா? ஒரே வார்த்தை."

செருப்பு வைக்கிற ஸ்டாண்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பாலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

மார்ச் இரண்டாம் தேதி என்று சொன்னார்.

அதற்கு அப்புறம்தான் நான் கடைக்கு ஆள் அனுப்பிப் பச்சை நூல் வாங்கி மஃப்ளர் பின்ன உட்கார்ந்தேன். இல்லாத தொண்டைக்குக் குளிர் படக்கூடாதென்று பின்னினேன். நீ அதை வாங்கிக்கொண்டு, 'கழற்றுவதே இல்லை' என்று எழுதினாய். உனக்கு எப்படியடி கை வந்தது? என் சீட்டுகளை யார் பிரித்தார்கள்? சூப்பைக் கொட்டாதீங்கப்பா என்று எழுதினேனே, அதை எங்கே போட்டீர்கள்? நான் 'பிழைத்துவிட்டார்' என்று கூச்சல் போட்டபோது இந்த மனுஷர் சோப்பு முகத்தோடு என் எதிரே நின்றாரே, அவருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தபால்காரருக்கும்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது. அவருடைய மூத்த பெண்ணுக்கு மட்டும் தெரியாது.

சாகிறவரை உன்னோடு பேசக்கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அப்பாவைப் பற்றிச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் எழுது. இந்தத் தடவை நடந்ததை மட்டும் எழுது.

மே 8

அக்கா,

இந்தக் கடிதத்தோடு ஆறாம் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். சட்டம் போட்டவளே சட்டத்தை உடைத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்.

முதலில், அத்தானைத் திட்டாதே. "சொல்லிடலாம், அவ தாங்குவா"ன்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான். அம்மா ஃபோனிலேயே அழுது அவரிடம் சத்தியம் வாங்கினார். என்னிடமும் வாங்கினார். "ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியலை, அந்தக் குழந்தையையாவது காப்பாத்துங்க"ன்னு சொன்னார். அதற்கு மேல் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. இதை என்னை நியாயப்படுத்த எழுதவில்லை. நடந்ததை எழுதச் சொன்னாய்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்தபோது அப்பா இருந்தார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, உன் சீட்டைத் தானே பிரித்துப் படித்தார். திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். தொண்டைப் புற்று மறுபடியும் பரவிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் நான் ஆறாம் புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தேன். டாக்ஸிக்காரர் விழுந்தவர்தான், எழுந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி வேலைக்கு வந்திருக்கிறார். முதல் பக்கத்திலேயே ஒரு வயதான அம்மாளைக் கடற்கரையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நெற்றியில் என்ன என்று அந்த அம்மாள் கேட்க, "படிக்கட்டோட சண்டை, அது ஜெயிச்சிடுச்சு" என்கிறார். அதற்குத்தான் சிரிக்கிறார்கள். நீ கேட்டாயே, அந்த வசனம் இதுதான். பிறகு தலை சுற்றுகிறது. தானே வண்டியை ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிப் போய் உள்ளே நடக்கிறார். மீதியை நீயே படி. நான் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். உனக்கு இதை எப்படி எழுதுவது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் கடையிலிருந்து வந்தால் அது அப்பா மடியில் இருக்கிறது. டம்ளரில் ஸ்பூனால் தட்டி என்னைக் கூப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு யாரைக் கூப்பிடுவதானாலும் அப்படித்தான் தட்டுவார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். புத்தகத்தை இடது பக்கத்திலிருந்து திறந்தார். கறுப்பு உடைக் கூட்டத்தைக் காட்டிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவது போலச் செய்தார். கனவாம். அடுத்து அழுகிற பெண்களைக் காட்டி, நம் இருவரையும் போலவே முகத்தைக் கோணிக் காட்டினார். நீ அழும்போது உதட்டைப் பிதுக்குவாயே, அதுகூட அப்படியே வந்தது. டாக்ஸிக்காரர் கண்ணைத் திறந்ததும் தன் கண்ணை அகலத் திறந்தார். குழாயைப் பிடுங்கி எறிவது போல ஒரு வீச்சு. சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டினார். ஸ்டியரிங் பிடித்தார். கடல் வந்ததும் கையை அலை மாதிரி ஆட்டிவிட்டுச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, ஆனால் தோள் இரண்டும் குலுங்கியது.

முடிந்ததும் வயிற்றை முன்னால் தள்ளிக் காட்டினார். அது நீ. அப்புறம் காற்றில் எழுதிக் காட்டினார். பெரியவளுக்கு எழுது, இப்படியே எழுது என்று அர்த்தம்.

நான் உனக்கு எழுதியதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை அக்கா. அது அப்பா சொன்ன கதை. அதனால்தான் அதில் வசனம் இல்லை.

நாம் எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தே அப்படிச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் இரண்டாம் தேதி காலையில் போனார். அம்மா சூப் கொண்டுவரச் சமையலறைக்குப் போயிருந்தார். நான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். கஷ்டப்படவில்லை. பேச்சு எப்போதோ நின்றுபோன மனிதர்தான். ஆனாலும் அந்த டம்ளர் சத்தம் நின்றதும் வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா அதே டம்ளரைக் கழுவும்போது ஸ்பூன் பட்டுச் சத்தம் வந்தது. நாங்கள் இருவரும் அந்த அறைப் பக்கம் ஓடினோம்.

உன் சீட்டுகளை நான் பிரிக்கவில்லை. அம்மா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். சூப்பைப் பற்றிய வரி வந்ததும், "கேட்டீங்களா? பொண்ணு கேக்குறா, பதில் சொல்லுங்க"ன்னு தலையணையைப் பார்த்துச் சொன்னார். மஃப்ளரை அம்மாதான் போட்டிருக்கிறார். கழற்றுவதே இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. பரிசு வாங்கினார் என்று எழுதினேனே, அதுதான் பொய். அது முழுக்க முழுக்க என்னுடையது. அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

புத்தகத்தை வலமிருந்து படி. தொப்பி காலி இருக்கையில் கிடக்கும் பக்கத்தில் எழுத்தே இல்லை. 'ஷீ...ன்' கூட இல்லை. அங்கே உனக்கு அகராதி தேவைப்படாது.

வாலு

ஜூன் 30

வாலு,

பெண் குழந்தை. ஃபோனில் அத்தான் எடையெல்லாம் சொல்லியிருப்பார். அப்பாவின் காது. பசித்தால் அழுவதற்கு முன்னால் உதட்டைப் பிதுக்குகிறாள், அது யாருடையது என்று உனக்கே தெரியும்.

கோபம் தீரவில்லை. தீரும் என்று சொல்லவும் மாட்டேன். அவரைக் கடைசியாகப் பார்த்திருக்க முடியாதென்பது எனக்கே தெரியும், எந்த டாக்டரும் என்னை அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் அந்த நாளில் அழுவதற்கு எனக்கும் உரிமை இருந்தது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இதை அம்மாவிடம் சொல்லாதே, நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். எட்டாம் புத்தகத்தைப் படித்து எழுது. அதில் யார் செத்தாலும் செத்தார் என்றே எழுது.

ஆறாம் புத்தகத்தைப் பிரசவத்துக்கு முன்னால் தொடவில்லை. போன வாரம்தான் வலமிருந்து படித்தேன். ஒரே ஒரு முறை. நீ சொன்ன பக்கத்தில் நின்றுவிட்டேன். உன் அத்தான் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். அவரோடு இப்போது பேசுகிறேன்.

இன்று காலை அவளை மடியில் போட்டுக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். அவளுக்குப் பார்வை இன்னும் எதிலும் நிலைக்கவில்லை, எந்தப் பக்கத்திலிருந்து திறந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நான் இடது பக்கத்திலிருந்து திறந்தேன். "இது சும்மா கனவுடா கண்ணு. இதோ பாரு, தாத்தா கண்ணைத் தொறந்துட்டார். பாரு, சட்டை போட்டுக்கிட்டார். வண்டியில ஏறிட்டார்"னு ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடல் வந்ததும் கையை அலை மாதிரி ஆட்டினேன். மீதியையும் கையாலேயே சொல்லி முடித்தேன்.

அக்கா